மயஸ்தீனியா ரிப்போட்டில் இருக்கும் அந்தப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். என் அக்காவுக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்று கண்டுபிடித்து ஒன்பது வருடமாகிறது. அவவோடு மட்டக்களப்புக்கு கிளினிக் போய் வாங்கில் குந்தியிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் ரிப்போட்டை நீட்டி, "டீச்சர், இதில என்ன போட்டிருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இப்போது கல்முனையிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் ஃபோனில் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான். ஆகவே கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. ரிப்போட்டில் உள்ள சொல்லுக்கு அர்த்தம் சொல்வேன். குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டரின் வேலை.

டீச்சர், மயஸ்தீனியா எண்டா நரம்புத் தளர்ச்சியா?

இல்லை. நரம்பு நன்றாக இருக்கிறது, தசையும் நன்றாகவே இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் கோளாறு. அதனால்தான் இந்த நோய்க்காரர் காலையில் சுகதேகி மாதிரி எழும்பி, பின்னேரம் கண் மடல் தொங்கிப் போய் இருப்பார். பாவிக்கப் பாவிக்கத் தசை சோரும், ஓய்வு எடுத்தால் திரும்பி வரும். விறைப்போ வலியோ பெரிதாக இருக்காது.

அக்காவுக்கு முதலில் தெரிந்தது இடியப்ப உரலில். மூன்று தட்டு பிழிவா, நாலாவதுக்குக் கை உரலை அமத்தாது. ஐந்து நிமிடம் திண்ணையில் இருந்துவிட்டு வந்தால் திரும்பவும் இரண்டு தட்டுப் பிழிய ஏலும். நாங்கள் அவ சாட்டுச் சொல்கிறா என்று நினைத்தோம். பிறகு இறைச்சி சப்பும்போது பாதியில் தாடையைக் கையால் தாங்கிப் பிடிக்கத் தொடங்கினா. அப்போதுதான் பயம் வந்தது.

பிறபொருளெதிரி கிருமிக்கு எதிரானதுதானே? அது ஏன் சொந்தத் தசையில போய் ஒட்டுது?

பிறபொருளெதிரி என்பது கிருமி போன்ற பிறபொருளில் ஒட்டிப் பிடிக்க உடல் செய்யும் புரதம், ஆங்கிலத்தில் அன்ரிபொடி. பிறபொருள் எதிரி என்ற பெயரே இந்த நோயில் பொய்யாகிவிடுகிறது. இங்கே எதிர்க்கப்படுவது பிறபொருள் அன்று, சொந்தப் பொருள். எங்கள் பாடப்புத்தகம், பிறபொருளெதிரி போய் ஒட்டும் இலக்கைப் பிறபொருளெதிரியாக்கி என்கிறது. மயஸ்தீனியாவில் அந்த இலக்கு நமது தசையின் புரதம் ஒன்று. ரிப்போட்டில் நீங்கள் பார்க்கும் அந்த நீளமான பெயர், இலக்கான புரதத்தின் பெயர்தான். இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான்.

இது சொந்த உடலையே தாக்கும் எதிர்ப்பாக இருக்கலாம் என்று 1960இல் ஸ்கொட்லாந்து டொக்டர் சிம்சன் ஊகித்தார். நிரூபணம் கொஞ்சம் தற்செயலாக வந்தது. 1973இல் பற்றிக், லின்ஸ்ட்ரம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தென்னமெரிக்க மின்விலாங்கு மீனிலிருந்து வாங்கி எனப்படும், நரம்பின் இரசாயனச் செய்தியை ஏற்கும் புரதம் ஒன்றைப் பிரித்து முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். அந்தப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி எடுப்பதுதான் அவர்களுடைய நோக்கம். ஆனால் முயல்கள் தலையைத் தூக்க முடியாமல் துவண்டு விழுந்தன. முயல் மீனின் வாங்கிக்கு எதிராகச் செய்த பிறபொருளெதிரி, அதன் சொந்த வாங்கியையும் பிடித்துவிட்டது.

முதலில் ஏன் தொடங்குகிறது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் இல்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்கு அதில் பங்கு உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

தசையில எந்த இடத்தைத்தான் இது அடிக்குது?

குருமண்வெளித் துறையில் பாதை என்ற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து மண்டூருக்குப் போனவர்களுக்கு இது சுகமாக விளங்கும். இந்தக் கரை நரம்பு, அந்தக் கரை தசை. நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான். நரம்பு நுனி அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை அவிழ்த்துவிடும், அதுதான் பாதை. அது அந்தக் கரையில் கட்டும் துறைதான் அசற்றைல்கோலின் வாங்கி. பாதை துறையில் கட்டினால்தான் ஆட்கள் இறங்கலாம், தசை சுருங்கலாம். நோயாளிகளில் பெரும்பாலானோருக்குப் பிறபொருளெதிரி உடைப்பது இந்தத் துறையைத்தான்.

துறை தானாக நிற்காது. அதன் கட்டைகளைச் சரியான இடத்தில் நெருக்கமாக நட்டுப் பிடிப்பதற்கு ஆட்கள் வேண்டும். நரம்பிலிருந்து அக்ரின் என்ற செய்தி வரும், அதை எல்.ஆர்.பி.4 என்ற புரதம் வாங்கி மஸ்க் என்ற புரதத்துக்குக் கொடுக்கும். மஸ்க் வாங்கிகளை ஓரிடத்தில் குவித்து வைக்கும். சிலருக்குப் பிறபொருளெதிரி இந்த மஸ்க்கையோ எல்.ஆர்.பி.4ஐயோ பிடிக்கும். துறையை யாரும் தொடவில்லை, ஆனால் கட்டை நடுகிறவன் இல்லாமல் துறை தானாகச் சிதறும்.

இவை மூன்றும் கரையிலேயே இருப்பவை. இன்னும் இரண்டு பெயர்கள் ரிப்போட்டில் வரலாம்: டைட்டின், ரையனொடின் வாங்கி. அவை கரையில் இல்லை. ஊருக்குள்ளே, தசைக் கலத்தின் உள்ளே இருப்பவை. வெளியே நிற்பது, உள்ளே இருப்பது என்ற இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒட்டினா மட்டும் என்ன? வாங்கி எப்படிப் பழுதாகுது?

மூன்று விதமாக. முதலாவது, ஒட்டிய பிறபொருளெதிரி இரத்தத்தில் உள்ள நிரப்புத் தொகுதி என்ற புரதக் கூட்டத்தைக் கூப்பிடும். அது தசை மென்சவ்வில் ஓட்டை போட்டு, வாங்கிகள் இருக்கும் மடிப்புகளையே தட்டையாக்கிவிடும். கூடுதலான சேதம் இதனால்தான். இரண்டாவது, பிறபொருளெதிரிக்கு இரண்டு கை இருப்பதால் பக்கத்துப் பக்கத்து வாங்கிகள் இரண்டைச் சேர்த்துப் பிடிக்கும். அப்படிப் பிடிபட்டதைக் கலம் வழக்கத்தைவிட வேகமாக உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். மூன்றாவது, சில பிறபொருளெதிரிகள் அசற்றைல்கோலின் வந்து அமரும் இடத்தையே மறைத்துக்கொள்ளும்.

நரம்பை அடுத்தடுத்து வேலை வாங்கினால், ஒவ்வொரு தரமும் அது அவிழ்க்கும் அசற்றைல்கோலின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சுகதேகிக்கு வாங்கி தாராளமாக இருப்பதால் அது தெரியாது. வாங்கி குறைந்தவருக்கு நாலாவது தட்டு இடியப்பத்தில் தெரியும்.

கட்டுவிரியன் கடிச்சவருக்கும் இப்படித்தானே கண் சொருகும். ரெண்டும் ஒண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர். வாடியில் நிலத்தில் படுத்த ஒருவரைப் பாம்பு கடித்ததைக் கண்ணால் கண்டவர். நான் கேட்டதில் மிகக் கெட்டித்தனமான கேள்வி இதுதான். தாக்கப்படும் இடம் ஒன்றே: மேலே சொன்ன நரம்புத் தசைச் சந்தி. நமது ஊர்க் கட்டுவிரியனின் விஷம் முக்கியமாக இந்தக் கரையை, அதாவது நரம்பு நுனியைச் சிதைக்கிறது. மயஸ்தீனியா அந்தக் கரையை உடைக்கிறது. கரை எதுவானாலும் பாதை போகாது, கண் மடல் விழும். கடியில் அது சில மணித்தியாலத்தில் வரும். மயஸ்தீனியா வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூடிக் குறைந்து வரும். இரவு நிலத்தில் படுத்து எழும்பியவருக்குத் திடீரென்று கண் சொருகினால், காயம் தெரியாவிட்டாலும் பாம்பை நினைத்து உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொரு தொடர்பும் உண்டு. கட்டுவிரியனின் தாய்வான் நாட்டுச் சொந்தக்காரப் பாம்பின் விஷத்திலிருந்து 1963இல் அல்பா பங்கரோடொக்சின் என்ற நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். அது அசற்றைல்கோலின் வாங்கியை இறுக்கப் பிடித்தால் விடாது. அந்தப் பிடியைத்தான் ஆய்வுகூடம் பாவிக்கிறது: கதிரியக்க அயடீன் பூசிய நஞ்சை வாங்கியில் ஒட்டி அடையாளமிட்டு, அதோடு உங்கள் இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரி எவ்வளவு சேர்கிறது என்று அளப்பார்கள். அக்காவின் ரிப்போட்டில் இருந்த இலக்கம் பாம்பு விஷத்தால் அளந்தது என்று சொன்னபோது அவ நம்பவே இல்லை.

எனக்கு 0.8 எண்டு போட்டிருக்கு, வாட்டில பக்கத்துக் கட்டிலில இருந்தவக்கு 40க்கு மேல. அப்ப எனக்கு நோய் குறைவா?

அப்படிக் கணக்குப் பார்க்க ஏலாது. 0.8 உள்ளவர் மூச்சு இயந்திரத்தில் இருக்கலாம், 40 உள்ளவர் சைக்கிளில் சந்தைக்குப் போகலாம். உங்கள் உடலில் உள்ள பிறபொருளெதிரிகள் வாங்கியின் எந்த மூலையைப் பிடிக்கின்றன, நிரப்புத் தொகுதியை எவ்வளவு கூப்பிடுகின்றன என்பதெல்லாம் அந்த இலக்கத்தில் தெரியாது. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எல்லைக் கோடும் மாறும்.

ஒரே ஆளுக்கு, ஒரே ஆய்வுகூடத்தில், மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்தால் ஓரளவு பிரயோசனம் இருக்கலாம். அதுவும் ஆளைப் பார்த்துவிட்டுத்தான். இலக்கத்தைவிடப் பெயர்தான் முக்கியம். என்ன அளவு என்று என்னிடம் கேட்காதீர்கள். எந்தப் புரதம் என்று கேளுங்கள்.

நெகட்டிவ் எண்டு வந்திட்டு. அப்ப நோய் இல்லையா? பொய்க்கு மருந்து குடிக்கிறேனா?

உடல் முழுக்கப் பரவிய மயஸ்தீனியா உள்ளவர்களில் ஏறக்குறைய 85 வீதத்தினருக்கு அசற்றைல்கோலின் வாங்கிப் பிறபொருளெதிரி இருக்கும். கண்ணில் மட்டும் நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்குத்தான் இருக்கும். ஆகவே கண் மடல் மட்டும் விழுகிறவருக்கு நெகட்டிவ் வந்தால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அடுத்ததாக மஸ்க் பார்ப்பார்கள். மொத்த நோயாளிகளில் 5 முதல் 8 வீதம் அளவில் அது இருக்கும், நாட்டுக்கு நாடு மாறும். எல்.ஆர்.பி.4 இன்னும் அபூர்வம், 2011இல்தான் கண்டுபிடித்தார்கள். இவை ஒன்றும் இல்லாமலும் சிலருக்கு நோய் இருக்கிறது.

சில நெகட்டிவ் உண்மையில் நெகட்டிவ் இல்லை. சாதாரணச் சோதனையில் வாங்கி கரைசலில் தனித்தனியாக மிதக்கும். தசையில் அது குவியலாக இருக்கும். குவியலாக இருந்தால் மட்டும் பிடிக்கும் பலவீனமான பிறபொருளெதிரிகளும் உண்டு. அதனால் வாங்கியைக் கலத்தின் மேல் குவிய வைத்துப் பார்க்கும் புதுச் சோதனையில் பழைய நெகட்டிவ் சிலது பொசிட்டிவ் ஆகிறது. நோய் தொடங்கின புதிதில் நெகட்டிவ் வந்து, ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பொசிட்டிவ் வருவதும் உண்டு.

இரத்தம் ஒன்றும் சொல்லாவிட்டாலும் நரம்பை அடுத்தடுத்து மின்னால் தூண்டித் தசையின் பதில் குறைகிறதா என்று பார்க்கலாம். மூடிய கண் மடலில் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்தால் மடல் உயர்கிறதா என்றும் பார்ப்பார்கள், ஏனென்றால் குளிரில் இந்தச் சந்தி நன்றாக வேலை செய்யும். அக்காவுக்கு முதலில் அந்தச் சோதனைதான். நேர்ஸ் கையுறைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு வைத்தா. எடுத்தபோது ஒரு கண் முழுசாகத் திறந்திருந்தது, மற்றது பாதியில் நின்றது. ஒரே முகத்தில் இரண்டு ஆட்கள் மாதிரி இருந்தா.

மஸ்க் எண்டு வந்திருக்கு. மற்ற ஆக்களுக்குக் குடுக்கிற குளிசை எனக்கு ஏன் சரிவருதில்ல?

மருதமுனையிலிருந்து வரும் ஒரு ராத்தா கேட்டது. தறியில் இருந்தவ. கை கால் அவவுக்குப் பரவாயில்லை. நாக்கும் தொண்டையும் கழுத்தும்தான் சோர்ந்தது. பிளேன்ரீ குடித்தால் மூக்கால் வரும். மஸ்க் உள்ளவர்களுக்கு முகம், நாக்கு, விழுங்கல், மூச்சு ஆகியவைதான் பெரும்பாலும் முதலில் அடிபடும். பெண்களுக்குக் கூடுதலாக வரும்.

2001இல் இந்தப் பிறபொருளெதிரியைக் கண்டுபிடிக்கும்வரை இவர்கள் நெகட்டிவ் கணக்கில் கிடந்தார்கள். இது வேறு வகைப் பிறபொருளெதிரி, ஐ.ஜி.ஜி.4 என்ற பிரிவு. நிரப்புத் தொகுதியைக் கூப்பிடாது, மென்சவ்வில் ஓட்டை போடாது. எல்.ஆர்.பி.4 வந்து மஸ்க்கைத் தொடவிடாமல் குறுக்கே நிற்கும், அவ்வளவுதான். துறை மெல்ல மெல்லச் சிதறும்.

எல்லோருக்கும் முதலில் கொடுப்பது பிரிடோஸ்டிக்மின், நாங்கள் மெஸ்டினோன் என்று சொல்லும் குளிசை. அது அசற்றைல்கோலினைக் கூடுதல் நேரம் தங்கவைக்கும். மஸ்க் நோயில் பலருக்கு அது பெரிதாக உதவாது. தசை துடிப்பதும் பிடிப்பதும் வயிற்றோட்டமும்தான் மிச்சம். குளிசை கேட்கவில்லை என்று இரண்டாக மூன்றாகக் கூட்டிக் குடிக்க வேண்டாம். தைமஸ் பொதுவாக இவர்களுக்குச் சாதாரணமாகவே இருப்பதால் அதை வெட்டி எடுக்கச் சொல்வதும் இல்லை. மாறாக ரிற்றுக்ஸிமாப் என்ற ஊசிக்கு மஸ்க்காரர் மிக நன்றாகக் கேட்பார்கள். ராத்தாவின் ரிப்போட்டில் இலக்கம் மட்டும் இருந்து பெயர் இல்லாமல் போயிருந்தால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

டைட்டின் பொசிட்டிவ் எண்டும் போட்டிருக்கு. இதுவும் தசையை அடிக்குதா? ரெண்டு நோயா?

ஒரே நோய்தான். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஆட்களைக் கூடுதலாகப் பயமுறுத்துவது இந்தச் சொல்தான்.

டைட்டின் என்பது மனித உடலில் உள்ள மிகப் பெரிய புரதம். ஈமோகுளோபின் சங்கிலி ஒன்றில் 140 சொச்சம் அமினோ அமிலங்கள். டைட்டினில் 34,000 வரை. தசை இழைக்குள் சுருள்வில் மாதிரி இருந்து, இழுபட்ட தசையைத் திரும்பப் பழைய நீளத்துக்குக் கொண்டுவரும். ரையனொடின் வாங்கி உன்னிச்சைக் குளத்து மடைக் கதவு மாதிரி. தசைக்குள் கல்சியத்தைத் தேக்கி வைத்திருக்கும் அறையின் கதவு அது. திறந்தால் கல்சியம் பாயும், தசை சுருங்கும். மயஸ்தீனியா நோயாளிகளின் இரத்தத்தில் தசைக் கோடுகளில் போய் ஒட்டும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1960இலேயே ஸ்ட்ராவுஸ் என்பவரும் கூட்டாளிகளும் கண்டார்கள். அந்த ஏதோ ஒன்றின் ஒரு இலக்கு டைட்டின் என்று 1990இலும், இன்னொன்று ரையனொடின் வாங்கி என்று 1992இலும் நோர்வேயில் கண்டுபிடித்தார்கள். சில ரிப்போட்டில் இவற்றைச் சேர்த்து ஸ்ட்ரையேஷனல் பிறபொருளெதிரி என்று போட்டிருக்கும். வரித்தசைக்கு எதிரானது என்று அர்த்தம்.

வெளியே, உள்ளே என்று மேலே ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். உயிரோடுள்ள தசைக் கலத்துக்குள் பிறபொருளெதிரி சாதாரணமாக நுழைய ஏலாது. வாங்கியையும் மஸ்க்கையும் பிடிக்கிறவை கையில் பொல்லோடு நிற்கிறவை. டைட்டினைப் பிடிக்கிறவை பெரும்பாலும் சாட்சிக்காரர். அடித்தது அவை என்று நிரூபணம் இல்லை. ஆனால் சாட்சி சொல்வதைக் கேட்க வேண்டும். 50 வயதுக்குக் கீழ்ப்பட்ட மயஸ்தீனியா நோயாளிக்கு டைட்டினோ ரையனொடினோ பொசிட்டிவ் வந்தால், நெஞ்சில் தைமோமா என்ற தைமஸ் கட்டி இருக்கிறதா என்று கவனமாகத் தேடுவார்கள். அந்தக் கட்டி தசைப் புரதங்களைப் போன்ற துண்டுகளை எதிர்ப்புக் கலங்களுக்குக் காட்டிப் பிழையாகப் பழக்கிவிடுகிறது. 60 தாண்டியவர்களுக்குக் கட்டியே இல்லாமலும் டைட்டின் பொசிட்டிவ் வருவது சாதாரணம், ஆகவே அந்த வயதில் இந்தச் சாட்சியை அவ்வளவுக்கு நம்ப ஏலாது.

அப்ப இதயத்தையும் தாக்குமா? அதுவும் தசைதானே.

வாங்கியும் மஸ்க்கும் எலும்புத் தசையின் நரம்புச் சந்தியில் உள்ள விஷயம். இதயம் அந்த முறையில் இயங்குவதில்லை. அதனால் பெரும்பாலானோருக்குப் பயம் இல்லை. மேலே சொன்ன ஸ்ட்ரையேஷனல் கூட்டத்தில் கேவி 1.4 என்ற பொட்டாசிய வாயிலுக்கு எதிரான ஒன்றும் உண்டு. ஜப்பானிய நோயாளிகளில் அது இதயத் தசை அழற்சியோடு சேர்ந்து வந்ததைக் கண்டிருக்கிறார்கள். நெஞ்சு படபடப்பு, மயக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஈ.சி.ஜி. எடுப்பது பெரிய வேலை இல்லை.

ரெண்டு மூண்டு புரதத்தின்ட பேர் ஒரே ரிப்போட்டில வருமா?

வரும். வாங்கியும் டைட்டினும் சேர்ந்து வருவது சாதாரணம், டைட்டின் வந்தால் பெரும்பாலும் வாங்கியும் கூடவே இருக்கும். வாங்கியும் மஸ்க்கும் ஒன்றாக வருவது அபூர்வம்.

தைமஸை வெட்டி எடுத்தா பிறபொருளெதிரி நிண்டிரும்தானே?

கட்டி இருந்தால் எடுக்கத்தான் வேண்டும், அதில் கேள்வி இல்லை. நோயாளிகளில் 10 முதல் 15 வீதத்தினருக்குக் கட்டி இருக்கும். கட்டி இல்லாதவர்களுக்கும் எடுப்பது பிரயோசனமா என்று வெகுகாலம் வாக்குவாதம் நடந்தது. 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்று 18 முதல் 65 வயதுக்குட்பட்ட, வாங்கிப் பிறபொருளெதிரி உள்ள 126 பேரை மூன்று வருடம் கவனித்தது. சத்திரசிகிச்சை செய்தவர்கள் கூடுதல் பலத்தோடு இருந்தார்கள், உடலின் எதிர்ப்பை அடக்கும் பிரெட்னிசலோன் குளிசையைக் குறைந்த அளவில் எடுத்துச் சமாளித்தார்கள். மஸ்க் உள்ளவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

பிறபொருளெதிரி உடனே நிற்காது. அதைச் செய்யும் கலங்கள் எலும்பு மச்சையிலும் நிணநீர்க் கணுக்களிலும் ஏற்கெனவே குடியேறியிருக்கும். பலன் தெரிய மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். அக்கா ஒன்றரை வருடம் ஏசிக்கொண்டே இருந்தா.

பிளாஸ்மா மாத்தினாங்க, ரெண்டு நாளில எழும்பி நடந்தன். ஒரு மாசத்தில மறுகா பழையபடி. பிழையாச் செய்தவங்களா?

பிழை ஒன்றும் இல்லை. பிளாஸ்மா மாற்றுவது மிதக்கும் பிறபொருளெதிரியை வடித்து எடுப்பது. செய்கிற கலங்கள் அப்படியே இருக்கின்றன. பிறபொருளெதிரியின் அரை ஆயுள் ஏறக்குறைய மூன்று வாரம். புதிது வந்து நிரம்பினால் பழைய நிலைதான். ஆபத்தான நேரத்தைத் தாண்டவும், பிரெட்னிசலோனும், அதேபோல் எதிர்ப்பை அடக்கும் அசத்தியோபிரினும் வேலை தொடங்கும்வரை காலத்தைக் கடத்தவும்தான் அது. அசத்தியோபிரினுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும். பிரெட்னிசலோன் தொடங்கிய முதல் இரண்டு கிழமையில் சிலருக்கு நோய் கூடும், அதைத் தெரிந்து வைத்திருங்கள்.

பேசும்போது குரல் மூக்கால் போய், எச்சில் விழுங்க முடியாமல், படுத்தால் மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

காய்ச்சலுக்குக் கடையில மருந்து எடுத்தா பிரச்சினையா?

எங்கள் வீட்டிலேயே நடந்தது. சலக்கடுப்புக்கு ஒரு டிஸ்பென்சரியில் சிப்ரோஃப்ளொக்சசின் கொடுத்தார்கள். அவ தன் நோயைச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் அக்காவின் தலை நிற்கவில்லை. கையால் நாடியைத் தாங்கிக்கொண்டு சோறு தின்றா. மேலே சொன்ன சந்தி ஏற்கெனவே குறைந்த வாங்கியோடு ஓடுகிறது. சிப்ரோஃப்ளொக்சசின், ஜென்டமைசின், அசித்ரோமைசின், சில இரத்த அழுத்தக் குளிசைகள், குயினின், நாளத்தால் ஏற்றும் மக்னீசியம் போன்றவை அதை இன்னும் இழுத்து விழுத்தலாம். எது ஏற்றது என்பதை டொக்டர் தீர்மானிப்பார், ஆனால் உங்களுக்கு மயஸ்தீனியா என்று சொன்னால்தானே தீர்மானிக்கலாம்.

என்னகா இது, செய்வினை எண்டு சனம் சொல்லுது. நூல் கட்டலாமா?

கட்டுங்கள். குளிசையை நிற்பாட்டாதீர்கள்.

எனக்குப் பிள்ளை பிறந்தா அதுக்கும் வருமா?

பிறபொருளெதிரி சூல்வித்தகத்தைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். ஆகவே மயஸ்தீனியா உள்ள தாய்மாரின் பிள்ளைகளில் 10 முதல் 20 வீதத்தினருக்குப் பிறந்தவுடன் சில நாள் பால் உறிஞ்சப் பலமில்லாமல், அழுகை மெல்லியதாக இருக்கலாம். அது தாயிடமிருந்து வந்த கடன். சில கிழமையில் தானாகக் கரைந்துவிடும், பிள்ளைக்கு நோய் தொடராது. கருவில் உள்ள பிள்ளையின் வாங்கிக்கும் பெரியவரின் வாங்கிக்கும் ஒரு துண்டு வித்தியாசம் உண்டு. தாயின் பிறபொருளெதிரி அந்தக் கருக்காலத் துண்டைக் குறிவைத்தால் பிள்ளையின் அசைவு குறைந்து மூட்டுகள் மடங்கிப் பிறப்பது மிக அபூர்வமாக நடக்கும். கர்ப்பத்துக்கு முன்னமே சொல்லிவிடுங்கள். மைக்கோபினோலேற், மெதோட்ரெக்சேற் போன்ற மருந்துகளை நேரத்தோடு மாற்ற வேண்டும். பிரசவத்தில் வலிப்புக்கு மக்னீசியம் ஏற்றுவார்கள், அதையும் எண்ணத்தில் வைத்துப் பிரசவ வாட்டுக்கு அறிவியுங்கள்.

எந்தப் புரதம் எண்டு தெரிஞ்சு என்ன பிரயோசனம்? கடைசியில எல்லாருக்கும் பிரெட்னிசலோன்தானே?

இது ஒரு தாத்தா கோபத்தோடு கேட்டது. பாதி நியாயம், பிரெட்னிசலோன் எல்லோருக்கும் பொது. ஆனால் மெஸ்டினோனும் தைமஸும் ரிற்றுக்ஸிமாப்பும் பெயரைப் பார்த்துத்தான் தீர்மானமாகின்றன என்று மஸ்க் கேள்வியில் பார்த்தோம். புது மருந்துகளில் இது இன்னும் வெளிச்சம். 2017இல் அமெரிக்கா அங்கீகரித்த எக்குலிசுமாப் நிரப்புத் தொகுதியை நிறுத்துகிறது. வாங்கிப் பிறபொருளெதிரி உள்ளவருக்கு அது சரியான இடத்தில் போட்ட பூட்டு. மஸ்க் உள்ளவருக்கு நிரப்புத் தொகுதியே குற்றவாளி இல்லை, ஆகவே அந்த மருந்துக்கு அங்கே வேலை இல்லை. வேறு சில புது மருந்துகள் எல்லா ஐ.ஜி.ஜி. பிறபொருளெதிரிகளையும் உடலிலிருந்து வேகமாக இறக்கிவிடும். அவற்றில் ரொசனொலிக்சிசுமாப் வாங்கிக்காரர், மஸ்க்காரர் இரண்டு பேருக்கும் என்று 2023இல் அங்கே அங்கீகாரம் பெற்றது. இவற்றின் விலையைக் கேட்டால் தாத்தா இன்னும் கோபிப்பார், அதனால் அவரிடம் சொல்லவில்லை.

ரிப்போட் துலைஞ்சு போச்சு. திரும்ப எடுக்கணுமா?

எடுத்த ஆய்வுகூடத்தில் முதலில் கேளுங்கள், பதிவு இருக்கலாம். மருந்து தொடங்கிய பிறகு எடுத்தால் முதல் ரிப்போட் மாதிரியே வரும் என்றில்லை, குறைந்தோ மறைந்தோ வரலாம். ஆகவே முதல் ரிப்போட்டுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. மாரி வெள்ளத்தில் அக்காவின் கிளினிக் கொப்பி நனைந்து, உள்ளே இருந்த ரிப்போட்டின் மை பரவி, இலக்கம் வாசிக்க முடியாமல் போனது. நல்ல காலம், பெயர் மட்டும் தப்பியது. இப்போது அதன் படம் எங்கள் வீட்டு மூன்று ஃபோனிலும் இருக்கிறது. புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் நோயின் பெயர், புரதத்தின் பெயர், ஆகாத மருந்துகள் மூன்றையும் சிவப்பில் எழுதி, பொலித்தீன் உறை போட்டு, அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறா.